வீட்டில் சொல்லாத வரி

ஏழெட்டு வயதில் நான், கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் இரண்டு வகை உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோயிலில் சொல்வது ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்று. கோயில் ஜெபம் கொஞ்சம் நீளம். வீட்டு ஜெபத்தில் ஒரு வரி கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம், வீட்டுக்குப் பழைய கவுன் என்று இருப்பதுபோல ஜெபத்துக்கும் இருக்கும்போல என்று எடுத்துக்கொண்டேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்த ஞானம், அதனால் அதன்மேல் எனக்குப் பிடிமானம் அதிகம்.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. ஊரில் பாதிக்குமேல் வேதக்காரர்கள். பூட்டன் காலத்திலேயே கிறிஸ்து வேதத்துக்கு வந்துவிட்ட குடும்பங்கள். மீதிப் பேருக்கு அம்மன் கோயில் இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் பொதுவான சாமி திராட்சைதான் என்று சித்தப்பா சொல்வார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த பந்தல்கள்தான். கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிற நாளில் மாதா தேர் வந்தால்கூட, ஒரு ஓரமாகப் போகச் சொல்லுங்கள் என்பார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. அப்பா வாயில் பொய் வராது. திராட்சை வாங்க வருகிற கேரளத்து வியாபாரியிடம், இந்தப் பெட்டியில் அடியில் கொஞ்சம் நசுங்கல் இருக்கு என்று இவரே எடுத்துச் சொல்லிவிடுவார். சித்தப்பா தலையில் அடித்துக்கொள்வார். “அண்ணனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு யாவாரம் பண்ணவா? போயி அங்கன உக்காருங்கண்ணே, நான் பேசிக்கிறேன்” என்று அப்பாவை மோட்டார் ரூம் பக்கம் அனுப்பிவிட்டுத்தான் பேரம் பேசுவார். மலையாளமும் தமிழும் கலந்து அவர் பேசுகிற பேச்சில் வியாபாரி சிரித்துக்கொண்டே கேட்ட விலைக்கு வாங்கிப் போவார். அப்பாவும் தூரத்தில் உட்கார்ந்து, கேட்காததுபோல் சிரித்துக்கொண்டிருப்பார். அப்பா அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அந்தக் காலத்தோடு சரி.

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு கூட்டுக்கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறைபோட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். மோட்டாருக்கு வேண்டிய கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவர் முறையில் கரண்டு போய்விட்டால் அந்த முறை போனது போனதுதானா, இல்லை மறுநாளைக்கு ஏறுமா என்பது எங்கள் பக்கத்தில் தீராத வழக்கு. பக்கத்துத் தோட்டக்காரரும் சித்தப்பாவும் அதைச் சண்டையாக்கியதே இல்லை. ஒரே ஜீப்பில் குமுளிக்குப் போய் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். மோட்டார் போட்டதும் தொட்டியில் விழுகிற முதல் தண்ணீரில் என்னைத் தூக்கி நிறுத்துகிறவர் அந்தத் தோட்டக்காரர்தான். நான் அவரைக் கிணத்து மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு வேறு பேர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

எனக்கு ஏழு வயது நடந்த கோடையில், கரண்டு சொல்லிவைத்ததுபோல எங்கள் முறையில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பந்தலில் பிஞ்சு நிற்கிற சமயம். ஒரு காலையில் சித்தப்பா, விட்டுப்போன முறைக்கு இன்று எடுக்கிறேன் என்று ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். கிணத்து மாமா வந்து நிறுத்தியிருக்கிறார். இவர் போட, அவர் நிறுத்த, வாய்வார்த்தை தடித்துவிட்டது. மாமா கையில் மண்வெட்டி இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு அடி, நாலு கெட்ட வார்த்தை, ஒரு வாரம் பேசாமல் இருப்பது என்று முடிந்திருக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஜீப்பை மறித்து, அதில்தான் சித்தப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அப்பா மடியில்தான் தலை இருந்ததாம். தேனி வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. கிணத்து மாமா அவராகவே போய் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வீடு நிறைய ஆட்களைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், கல்லறைத் தோட்டத்துக்குப் போகையில் மணி விட்டு விட்டு அடித்ததைக் கேட்டேன். சித்தப்பாவை இனிப் பார்க்க முடியாது என்பது ஒருமாதிரி புரிந்தது. ஆனால் கிணத்து மாமாவையும் ஏன் காணோம் என்பதுதான் புரியவில்லை. மூன்றாம் நாளோ என்னவோ, கிணத்து மாமா ஏன் வரவில்லை என்று துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் கேட்டுவிட்டேன். அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் ‘அவன்’ ஆகிவிட்டார். அவரைக் கோர்ட்டில் தண்டித்து மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவர் வீட்டு ஆட்கள் ஏலத்தோட்டத்துப் பக்கம் குடிபோய்விட்டார்கள். அப்பா கிணற்றுப் பக்கமே போகவில்லை. நல்ல தண்ணீர் கிணற்றில் கிடக்க, அந்தப் பக்கத்துக் கொடிகள் எல்லாம் கம்பியிலேயே காய்ந்தன. ஊரில் நாலு பேர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். அப்பா தூரமாக வேறு போர்வெல் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் டிவியை நிறுத்திவிட்டு ஜெபமாலை சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கம். சாவு விழுந்த வீடு என்பதால் முதல் ஒரு மாதம் உபதேசியாரும் அக்கம்பக்கத்தாரும் வந்து சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டைப் பார்க்கப் போனபிறகு, நாங்கள் மட்டும் பாய் விரித்து உட்கார்ந்தோம். மற்ற ஜெபங்களை அப்பா பாதி சொல்ல நாங்கள் பாதி சொல்வோம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மட்டும் அப்பா குரலைத் தொட்டுக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே சொல்வோம். அன்றைக்கு அப்பா அனுதின உணவுவரை சொல்லிவிட்டு நின்றார். அடுத்து வரவேண்டியது, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், அதுபோல எங்களையும் மன்னியும் என்று கடவுளிடம் கேட்கிற வரி. அப்பா கண்ணை மூடியபடி இருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. நாங்களும் நின்றோம். அந்த வரியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, அதற்கு அடுத்த வரியைத் தொடங்கினார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நாங்களும் அந்த இடத்தில் நின்று, பிறகு சேர்ந்துகொள்ளப் பழகிவிட்டோம். அப்பா மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அம்மாவும் சேர்ந்து மறப்பாளா? ஆகவே, துக்க வீட்டுக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒரு வரி குறைந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதைச் சொல்லும்போது, வீட்டில் எங்களுக்கு இது வேண்டியதில்லை என்று கொஞ்சம் பெருமையாக நானும் சேர்ந்து சொல்வேன்.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. சின்னமனூரிலிருந்து அவள் அப்பா அம்மா வந்து கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. பகலில் பந்தல் வேலைக்குப் போவாள். மற்ற நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். சித்தப்பாவின் செல்போனைத் தினமும் சார்ஜ் போட்டு, மெஷின்மேல் வைத்திருப்பாள். விவரம் தெரியாத வியாபாரிகள் கோட்டயத்திலிருந்தும் கட்டப்பனையிலிருந்தும் அதில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எடுத்ததும் சித்தப்பா பெயரைச் சொல்லி, முந்திரி உண்டோ என்று மலையாளத்தில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். திராட்சையை அவர்கள் முந்திரி என்பார்கள். சித்தி கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, “ஆளில்ல சேட்டா” என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அந்தப் பக்கம் ஆள் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார்கள். மறுபடியும் கூப்பிடுவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்பாவும் சித்தியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. கணவனின் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. “அத்தானைச் சாப்பிட வரச் சொல்லு ஆத்தா” என்று சித்தி அடுப்படியிலிருந்து என்னிடம் சொல்வாள். அப்பா மூன்றடி தள்ளி உட்கார்ந்து அதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். இருந்தாலும் நான் போய், “அப்பா, சாப்பிட வருவீகளாம்” என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். “சித்திக்கு உடம்பு சரியில்லையான்னு கேளு” என்பார் என்னிடம். சித்தி பக்கத்து அறையில்தான் இருப்பாள். நானும் ஓடுவேன். வீட்டில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது.

அடுத்த கோடை லீவில் எங்கள் வயசுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை முதல்முறையாக, கொடுப்பதாக அறிவித்தார்கள். மே மாதம் ஒரு ஞாயிறு. அதற்குமுன் பிள்ளைகளைக் கோயில் வராந்தாவில் உட்காரவைத்து ஒரு சிஸ்டர் ஜெபம் கேட்பார். முழுதும் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு கிடையாது என்று பயமுறுத்தி வைத்திருந்தார். என் முறை வந்தது. எழுந்து கை குவித்துக் கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்ததும் அப்பாவைப் போலவே நின்றேன். அப்பாவைப் போலவே தொண்டையை ஏற்றி இறக்கினேன். பிறகு அடுத்த வரியைத் தொடங்கினேன். பிள்ளைகள் குப்பென்று சிரித்தார்கள்.

“நடுவுல ஒண்ண முழுங்கிட்ட” என்றார் சிஸ்டர்.

“அது கோயிலுக்கு மட்டும்தான் சிஸ்டர். வீட்டுக்குக் கிடையாது” என்றேன். எனக்குத் தெரிந்த ஞானத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற தோரணையில்தான் சொன்னேன். பிள்ளைகள் இன்னும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். சிரித்த பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, என் தலையைத் தொட்டு உட்காரச் சொன்னார். வெள்ளை உடுப்பு உண்டா இல்லையா என்று சொல்லவே இல்லை. அதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது.

இரண்டொரு நாளில் பங்குச்சாமியார் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். சித்தி அப்போது பந்தலில் பழம் வெட்டப் போயிருந்தாள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெள்ளை உடுப்பு இல்லை என்று சொல்லத்தான் சாமி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் பங்கில், புதுநன்மை வாங்கும் பிள்ளையின் இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் நின்று, பிள்ளையோடு சேர்ந்து நன்மை வாங்குவது வழக்கம். அப்பாவோ சித்தப்பா போனதிலிருந்து நன்மை வாங்கவே இல்லை. எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்காகவாவது வாருங்கள் என்று கேட்கத்தான் சாமி வந்திருந்தார்.

அப்பா காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

“வரலாம் சாமி. ஆனா அந்த வரியச் சொல்லிட்டுல்ல வாங்கணும்? சொன்னா அது பொய்யி. நான் அவனை மன்னிக்கல. நான் மன்னிக்கிற மாதிரி என்னைய மன்னியும்னு கேட்டா, என்னைய மன்னிக்காதீரும்னு நானே கேட்டதாயிராதா?”

“அவன் ஜெயில்ல உருகிக்கிட்டிருக்கான்யா. போன மாசம் போயிப் பாத்துட்டு வந்தேன். உங்களைக் கேட்டுத்தான் அழுதான்.”

“அழட்டும் சாமி. நாங்களும் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கோம்.”

அப்பாவே மறுபடியும் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“என் மட்டுக்கும்னா என்னிக்காவது மனசு இறங்கிரும் சாமி. அவனும் நேத்துவரைக்கும் நம்ம வீட்டுல கை நனைச்சவன்தான். ஆனா எந் தம்பியக் கட்டிக்கிட்டு வந்த பிள்ளை உக்காந்திருக்கே. வாழ்க்கையவே தொலைச்சுட்டு, பொறந்த வீட்டுக்குப் போகாம, தினம் எம் பக்கத்துல ஜெபத்துக்கு உக்காருது. அது முன்னால நான் முந்திக்கிட்டு மன்னிச்சேன்னு சொல்லலாமா? எந் தம்பிய நான் விட்டுக்கொடுத்த மாதிரி அதுக்குத் தோணாதா? மன்னிக்கிறதுக்கு முதல் பாத்தியதை அதுக்குத்தான். என்னிக்கு அது வாயில அந்த வரி வருதோ, அன்னிக்கு நானும் சொல்லிர்றேன்.”

“அந்தப் பிள்ளையக் கேட்டுப் பாத்தீகளா?”

“எப்படிக் கேக்குறது? நான் கேட்டா, சொல்லுன்னு சொன்ன மாதிரில்ல ஆகிப்போகும்.”

சாமியார் காப்பியைக் குடித்துவிட்டு, எல்லோரையும் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். போனதும் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, “இங்கன பேசுனது எதுவும் சித்தி காதுக்குப் போகக் கூடாது. அது பாவம், ஏற்கெனவே நொந்துபோயிக் கிடக்கு” என்றாள். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். அப்பா சொன்னதில் பாதி எனக்குப் புரியவும் இல்லை. புரிந்தது ஒன்றுதான், அப்பா என் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பக்கமும் ஆள் நிற்க, எனக்கு மட்டும் ஒரு பக்கம் மொட்டையாக இருக்கும். ஸ்டுடியோக்காரர் அப்படியே போட்டோ எடுத்துவிடுவார். கொன்றவர், செத்தவர், மன்னிப்பது, மன்னிக்காதது எல்லாம் எனக்கு எங்கோ இருந்தன. அந்தப் போட்டோவை நினைத்து நினைத்துத்தான் நான் அழுதேன்.

என் வெள்ளைக் கவுனைச் சித்திதான் தைத்தாள். சின்னமனூரில் துணி எடுத்துவந்து, கைக்கும் கழுத்துக்கும் லேஸ் வைத்து, அளவு பார்க்க என்னை நிற்கவைத்து மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி, ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தைப்பதுபோலத் தைத்தாள். தைத்துக்கொண்டே ஜெபம் கேட்டாள். நான் வீட்டு ஜெபத்தைச் சொன்னேன். நிற்கிற இடத்தில் நின்று தாண்டினேன். மெஷின் சத்தம் நின்றுபோனது.

“கோயில்ல முழுசாச் சொல்லணும் ஆத்தா” என்றாள் சித்தி.

“வீட்டுல?”

ஊசியில் நூல் அறுந்துபோயிருந்தது. அதை நாக்கில் தொட்டுக் கோத்துவிட்டு, “வீட்டுல அப்பா சொல்ற மாதிரியே சொல்லு. அவுகளுக்கு இருந்தது ஒரே தம்பி. அவுக மனசு நோகுற மாதிரி நாம எதுவும் செய்யக் கூடாது” என்றாள். பெரியவர்களில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவள் அவள்தான். வீட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று நான் கண்டுபிடித்தது சரிதான் என்று எனக்குத் தெம்பு வந்தது.

புதுநன்மைக்கு முந்தின நாள் நான் சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா தோட்டத்திலிருந்து வந்து, என்னத்தா என்றார். நான் போட்டோ விஷயத்தைச் சொல்லி அழுதேன். எனக்கு மட்டும் அப்பா இல்லாதமாதிரி இருக்கும் என்றேன். அது அவரை எங்கே தொட்டதோ தெரியாது. வேட்டி முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, “சரித்தா, வர்றேன்” என்றார். நான் எழுந்து நாலு இட்லி சாப்பிட்டேன்.

மறுநாள் கோயில் நிறையக் கூட்டம். தலையில் முக்காடும் அதன்மேல் பூக்கிரீடமுமாக, கையில் மெழுகுவர்த்தியோடு நாங்கள் வரிசையாக நின்றோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்து, என் வலப்பக்கம் நின்றார். அம்மா இடப்பக்கம். சித்தி பெண்கள் பக்கத்தில் எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கர்த்தர் கற்பித்த ஜெபம் தொடங்கியதும் நான் அப்பா வாயையே அண்ணாந்து பார்த்தேன். அந்த இடம் வந்தது. அப்பா நிற்கவில்லை. சொன்னார். அவ்வளவு கூட்டத்திலும் அவர் குரலை என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. கல்லும் முள்ளுமான பாதையில் வெறுங்காலோடு நடக்கிறவர்போல ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். என் அழுகைக்கு இவ்வளவு சக்தியா என்றுகூட நினைத்தேன். நன்மை வாங்கும்போது அப்பா முகம் வியர்த்திருந்தது. ஸ்டுடியோக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். நான் மட்டும் இருந்த பல் எல்லாம் தெரியச் சிரித்தேன்.

மத்தியானம் வீட்டில் கறிச்சோறு. சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டு, என் கையில் பரிசு கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா சாப்பிட உட்காரவில்லை. “அத்தான் இன்னும் சாப்பிடலையேன்னு கேளு ஆத்தா” என்று சித்தி அனுப்பினாள். நான் போய்க் கொல்லைப் பக்கம் பார்த்தேன். அப்பா கல்லில் உட்கார்ந்திருந்தார், அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். “சாமி முன்னால நின்னு பொய் சொல்லிட்டு, அதே நாக்குல நன்மையும் வாங்கிட்டு வந்துட்டேன். சோறு எப்படி இறங்கும்?” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நன்மை வாங்கினால் ஒரு மணிநேரம் சாப்பிடக் கூடாது என்று ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்தேன். திரும்பி ஓடி, “அப்பாவுக்குப் பசிக்கலையாம்” என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். நசுங்கிய திராட்சையை நல்ல திராட்சை என்று சொல்லத் தெரியாத மனுஷர், எனக்காகக் கடவுளிடம் சொன்ன பொய் அது. அதன் கனம் எனக்கு விளங்க வெகு காலம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் நன்மை வாங்கவே இல்லை. போன வருஷம் அவரைக் கல்லறையில் வைக்கிறவரைக்கும், சாமியாரிடம் சொன்ன வார்த்தையில் அப்படியே நின்றார்.

அன்று சாயங்காலமும் கோயில் மணி அடித்தது. பாய் விரித்தார்கள். நான் வழக்கமாக அம்மா பக்கத்தில் உட்காருவேன். அன்றைக்கு வெள்ளைக் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்ததால், தரையில் உட்கார்ந்தால் அழுக்காகிவிடும் என்று சித்தி என்னைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மோவாய் என் உச்சந்தலையில் பட்டது. அப்பா ஜெபத்தைத் தொடங்கினார். காலையில் கோயிலில் சொன்ன அப்பா, இப்போதும் சொல்வார் என்று நான் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அனுதின உணவு வந்தது. அப்பா நின்றுவிட்டார்.

வீடு சத்தமில்லாமல் ஆயிற்று. அப்போதுதான் என் தலைமேல் சூடாக மூச்சு படுவது தெரிந்தது. சித்தியின் உதடு என் முடியில் பட்டுப் பட்டு அசைந்துகொண்டிருந்தது. காதைக் கூராக்கிக் கேட்டேன். அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை, தடுமாறவும் இல்லை. தினமும் அந்த நேரத்தில் அதைச் சொல்லிப் பழகிய வாய்போல, அப்பாவின் மௌனம் முடிவதற்குள் முடித்துவிடுகிற அளவாகச் சொன்னாள். அன்றைக்கு மட்டும் முடிக்கிற இடத்தில் குரல் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

எனக்குத் திக்கென்றது. வீட்டில் இல்லாத வரியைச் சித்தி மறந்துபோய்ச் சொல்கிறாள். அப்பா மனசு நோகக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே தப்புப் பண்ணிவிட்டாள். அப்பா காதில் விழுந்தால் என்ன ஆகும்? அப்பா கண்ணைத் திறந்து எங்கள் பக்கம் தலையைத் திருப்பினார், எதையோ சரியாகக் கேட்க முயல்கிறவர்போல. சித்தி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நான் பலமாக இருமினேன். நிறுத்தாமல் மறுபடியும் மறுபடியும் இருமினேன்.

“பிள்ளைக்குத் தண்ணி குடு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா அடுத்த வரியைத் தொடங்கினார்.